வண்டியை எங்கே அவிழ்ப்பது?

போன மாசம் ஒரு சனிக்கிழமை. கனகம்மாசத்திரம் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸிலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான்.

"அண்ணா, ஒரு டவுட்டு. அப்பா அம்மா வந்திருக்காங்க இல்ல, பத்து நாளைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக்கிட்டு கிளம்பறோம். ராத்திரி தங்கறதுக்கு ஸ்டேட் பார்க்ல இடம் போடறதா, பிரைவேட் ரிசார்ட்ல போடறதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க அங்க இருந்தப்ப போயிருக்கீங்களே, அதான் கேக்கறேன்."

"சாயங்காலம் சொல்றேன்டா. ஒண்ணு தெரியுமா? நான் இப்ப நிக்கிற ஊரே உன் கேள்வியால பிறந்த ஊரு" என்றேன். அவன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சத்திரக் குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ஆர்.வி. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி அது. பகலில் ஓட்டலாம், ராத்திரி நிறுத்த இடம் வேண்டும். அங்கே குடிதண்ணீர் பிடிக்கணும், கரண்ட் கொடுக்கணும், தொட்டியில் சேர்ந்த கழிவைக் கொட்டணும். அந்த இடத்தை மாநில அரசின் பூங்காவும் தருகிறது, தனியாரும் தருகிறார்கள். பையனுக்கு இதில் எது என்பதுதான் குழப்பம்.

ஊர்ப் பெயரில் ஒரு விடுதி

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணி வருவதற்கு முன்னால் இருக்கிறது கனகம்மாசத்திரம். பக்கத்தில்தான் காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடு. இன்றைக்கு நம்மில் பலருக்கு இது பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு பெயர்ப்பலகை. ஆனால் பெயரைப் பிரித்துப் பாருங்கள். கோயிலை வைத்தோ, ஏரியை வைத்தோ, மலையை வைத்தோ வந்த பெயர் இல்லை. கனகம்மா என்ற ஒரு பெண்ணின் பெயர், அதோடு ஒரு விடுதி, அவ்வளவுதான். வழிப்போக்கன் தங்கிய கட்டடம் முதலில், ஊர் அதற்குப் பிறகு.

இந்த மாதிரி ஊர்கள் நம்மிடம் நிறைய. காஞ்சிபுரம் பக்கம் பெங்களூர் சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம். மேப்பைத் திறந்து 'சத்திரம்' என்று முடியும் ஊர்களுக்கெல்லாம் புள்ளி வைத்தால், பழைய சாலைகள் எப்படிப் போயின என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்து பார்த்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வருகிறது, கோட்டின் நுனியில் பெரும்பாலும் ஒரு பெரிய கோயில் நிற்கிறது.

பெண்களின் பெயர் வருவதும் தற்செயல் இல்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சத்திரம் ராணி மங்கம்மாள் பெயரில். ஒரத்தநாட்டுச் சத்திரம் முக்தாம்பாள் பெயரில், நீடாமங்கலத்தது யமுனாம்பாள் பெயரில். தஞ்சை மராட்டிய அரசர்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் பெயரில் ராமேஸ்வரம் போகும் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். அரச குடும்பம் மட்டும் செய்த காரியமும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நடுவது சாதாரணக் குடும்பங்களிலும் இருந்த வழக்கம். தலைச்சுமையோடு போகிறவன் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ள அந்தக் கல். இறந்தவளின் பாரம் இறங்கும் என்று நம்பி, வழிப்போக்கனின் பாரத்தை இறக்கி வைத்தார்கள். நம் ஊர் 'பொதுவசதி'யின் அடியில் கிடக்கும் கல் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மாடு இழுத்த ஆர்.வி.

கூண்டு வண்டிதான் அன்றைய வீட்டு வண்டி. உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம். பின்னால் தவலை, அரிசி மூட்டை, புளி, மிளகாய், விறகு. அடியில் லாந்தர். பாரம் ஏற்றிய வண்டி ஒரு நாளைக்கு இருபது, இருபத்தஞ்சு கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். சென்னையிலிருந்து திருப்பதி சுமார் 135 கி.மீ. கணக்குப் போட்டால் வழியில் ஐந்து ராத்திரி. சத்திரங்கள் ஏன் சுமார் பத்து மைலுக்கு ஒன்று என்று அமைந்தன என்றால், மாட்டின் காலும் மனுஷன் காலும் அவ்வளவுதான் போகும்.

அந்த ராத்திரிக்கு என்ன தேவை? மாட்டை அவிழ்த்துக் கட்ட மர நிழல், மாட்டுக்கும் ஆளுக்கும் தண்ணீர், வைக்கோல் விற்கிற ஆள், சமைக்க ஒரு மறைப்பு, படுக்கத் திண்ணை, திருட்டுப் பயம் இல்லாத சூழ்நிலை. லாடம் அடிப்பவரும் வண்டி மை விற்கும் கடையும் இருந்தால் இன்னும் நல்லது. இதில் மாட்டுக்குப் பதில் எஞ்சினைப் போடுங்கள், வைக்கோலுக்குப் பதில் கரண்டைப் போடுங்கள். டெக்சாஸ் பையன் தேடும் அதே பட்டியல் வந்துவிடும்.

இதை எழுதி வைத்துவிட்டுப் போன ஒருவர் இருக்கிறார். ஏனுகுல வீராசாமய்யா, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1830 மே மாதம் சென்னையை விட்டுக் கிளம்பி, திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர் வழியாகக் காசிக்குப் போய், 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். கூட சுமார் நூறு பேர், பல்லக்கு, கூடாரம். அவர் தெலுங்கில் எழுதிய காசி யாத்திரைக் குறிப்பு 1838-ல் அச்சாயிற்று. ஒவ்வொரு தங்கலிலும் என்ன கவனிக்கிறார் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தண்ணீர் எப்படி, கடை உண்டா, சத்திரம் உண்டா, அடுத்த தங்கலுக்குப் பாதை எப்படி. பின்னால் வருகிறவனுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதின குறிப்புகள். கூடாரத்தைக் கையோடு கொண்டு போனவருக்கும் தண்ணீரும் கடையும் வெளியிலிருந்துதான் வரணும். வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் ராத்திரிக்கு ஊரை நம்பித்தான் ஆகணும். இது 1830-க்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும்.

யார் நடத்தினார்கள்?

'அரசா, தனியாரா' என்று நாம் கேட்கிறோம். பழைய சத்திரம் இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது. கட்டினவர் தனி ஆள், பயன்படுத்துகிறவர் எல்லாரும், செலவு நிலத்திலிருந்து. சத்திரம் கட்டினவர் கூடவே நஞ்சை புஞ்சையை எழுதி வைப்பார். விளைச்சலில் அரிசி சத்திரத்துக்கு. மன்னர் அந்த நிலத்துக்கு வரியைத் தள்ளிக் கொடுத்திருப்பார். ஆக, முதல் தனியாருடையது, சலுகை அரசுடையது, தர்மம் பொதுவுக்கு.

கட்டடம் இடிந்தாலும் நிலம் இருந்தால் சத்திரம் பிழைக்கும். நிலம் போனால் எவ்வளவு பெரிய கட்டடமும் பத்து வருஷத்தில் வௌவால் குடியிருப்பு. நான் சாஃப்ட்வேர் ஆள். புதுசாக எழுதுவதற்கு எல்லாரும் காசு கொடுப்பார்கள், பராமரிக்க யாரும் கொடுக்க மாட்டார்கள். பழைய தர்மகர்த்தாக்களின் தலைவலி எனக்கு நன்றாகவே புரிகிறது.

இது உண்மையான சண்டையாக வந்த இடம் தஞ்சாவூர். 1799 உடன்படிக்கையில் ராஜ்யத்தின் நிர்வாகம் கும்பெனியிடம் போயிற்று. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் வருமானத்தில் பங்கும்தான் மிச்சம். 1801-ல் அவர் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதன் சாரம் இது: சத்திரங்களை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். அங்கே பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு உண்டு. நடுராத்திரியில் மணி அடித்து, சாப்பிடாமல் விட்டுப்போனவர்களைக் கூப்பிட்டுப் போடுகிறோம். நோயாளிக்கு மருத்துவர் உண்டு. பிள்ளை பெறப் போகிறவளுக்குக் கவனிப்பு உண்டு. அநாதைப் பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைக்கிறோம். இறந்துபோனால் அவரவர் முறைப்படி காரியம் செய்கிறோம்.

ராஜ்யம் போன ராஜா கெஞ்சிக் கேட்டது இதைத்தான். எனக்கு எப்போது படித்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் ஆய்வுக்காரன் கண்ணோடும் படிக்கணும். சொந்தக் காரியத்துக்கு வாதாடுகிறவரின் கடிதம் இது, நல்லதைத்தான் சொல்வார். எல்லாருக்கும் சோறு உண்டு என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் என்று அர்த்தம் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தனியார் தர்மத்தின் மறுபக்கம் 1817-ல் வெளியே வருகிறது. அந்த வருஷம் சென்னை அரசாங்கம் போட்ட ஏழாம் ரெகுலேஷன், கோயில், மசூதி, பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் கொடுத்தது. தர்மத்துக்கு விட்ட சொத்தைத் தனி ஆட்கள் தங்கள் சொத்தாக்கிக் கொள்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். பொய்யான காரணம் இல்லை. தாத்தா தர்மம் செய்வார், மகன் கணக்கு எழுதுவான், பேரன் பட்டாவை மாற்றுவான். நம் எல்லா ஊரிலும் இதற்கு ஒரு உதாரணம் கிடைக்கும்.

பிற்பாடு 1871-ம் வருஷத்து உள்ளூர் நிதிச் சட்டம், 1884-ம் வருஷத்து உள்ளாட்சி போர்டு சட்டம் என்று வந்து, சாலையைப் பார்த்துக்கொண்ட போர்டுகளே பல சத்திரங்களையும் பார்த்துக்கொண்டன. கணக்கு வந்தது, தணிக்கை வந்தது. நடுராத்திரி மணி அடிக்கிற ஆள் மட்டும் காணாமல் போனார். அரசு எடுத்ததில் திருட்டு குறைந்தது, பாசமும் குறைந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அரசாங்கம் தானாகக் கட்டியதும் ஒன்று உண்டு. டிராவலர்ஸ் பங்களா. நம் பாட்டன்மார் அதை முசாபரி பங்களா என்றார்கள், இன்றைய பலகையில் பயணியர் மாளிகை. வராந்தா, பெரிய ஜன்னல், சமையல்காரர், நாள் வாடகை. காம்பவுண்டுக்குள் நிழலுக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் அது சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்காகக் கட்டினது. அரசு கட்டினது எல்லாம் பொதுமக்களுக்கு என்று அர்த்தம் இல்லை.

வண்டிப்பேட்டைச் சட்டம்

அடுத்தது, நான் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்ட விஷயம். பையன் கேட்ட கேள்வி நம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 1920-ம் வருஷத்து சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் வண்டிப்பேட்டை பற்றிய பிரிவுகள் இருந்தன. நகராட்சி பொது வண்டிப்பேட்டை அமைக்கலாம், கட்டணம் வாங்கலாம். தனியாரும் வண்டிப்பேட்டை வைக்கலாம், ஆனால் நகராட்சியிடம் லைசென்ஸ் வாங்கணும். இன்னொன்றும் இருந்தது. நகராட்சி ஒரு பேட்டையை அமைத்துவிட்டால், அதற்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திப் பேட்டையாக்குவதைத் தடுக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். கடை வைத்திருப்பவரே எதிர்க்கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிறார். அதே சமயம் ரோட்டோரத்து இலவச நிழலையும் மூடுகிறார். காரணமும் நியாயமானதுதான். மாட்டுச் சாணமும் வைக்கோலும் நடு பஜாரில் சேர்ந்தால் காலரா. ஆனால் புளியமரத்தடியில் சும்மா அவிழ்த்துவிட்டுப் படுத்தவனுக்கு இனி அந்த இடம் இல்லை, காசு கொடுத்துப் பேட்டைக்குள் போகணும். இலவசமாகக் கிடந்த தங்கல் கட்டணத் தங்கலானது இப்படித்தான்.

கதவு யாருக்குத் திறந்தது?

சத்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்டப் போவதில்லை.

வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட பல சத்திரங்களில் யாருக்கு உள்ளே இலை, யாருக்கு வெளியே படி அரிசி, யார் வாசலிலேயே நிற்கணும் என்பதையெல்லாம் சாதி தீர்மானித்தது. காசியில் பிராமணரல்லாதார் கட்டிய சத்திரத்தில் பிராமணருக்கு மட்டும் சாப்பாடு என்று தள்ளப்பட்ட அனுபவம், பெரியாரின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாவற்றிலும் வருகிறது. பணம் கொடுத்தவர் யார் என்பது ஒன்று, பந்தியில் உட்கார்ந்தவர் யார் என்பது வேறொன்று.

1950 அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடை, ஓட்டல், பொதுக்கிணறு, குளம், சாலை எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்றது. 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் சொல்லியே சேர்த்தது. வழித்தங்கலைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுத வேண்டி வந்ததென்றால், கதவு எவ்வளவு கெட்டியாக மூடிக் கிடந்தது என்று யூகிக்கலாம்.

இந்த இடத்தில் காசு வாங்கும் தனியார் விடுதிக்கும், அரசு விடுதிக்கும் ஒரு பெருமை உண்டு. தர்மம் செய்கிறவர், யாருக்குச் செய்வேன் என்று தானே தீர்மானிப்பார். வாடகை வாங்குகிறவருக்கு ரூபாய் தெரியும். அரசுக்குச் சட்டம் கட்டுப்பாடு. இரண்டுமே எல்லா நேரமும் ஒழுங்காக நடந்தன என்று சொல்லவில்லை. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு இடம் தேடும்போது இன்றைக்கும் சமுதாய மண்டபங்களின் வாசலில் "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். போன வருஷம் என் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் திரும்பி வந்து வேனில் உட்கார்ந்துகொண்டார். வாடகை விடுதியில் ஒரு ரூம் கிடைத்தது. விலை அதிகம்தான். ஆனால் ஆதார் அட்டையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

சத்திரத்தைக் கொன்றது யார்?

திருட்டுத் தர்மகர்த்தாவும் இல்லை, அரசாங்கமும் இல்லை. வேகம்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1860-களில் அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாக ரேணிகுண்டா பக்கம் பாதை போனது. ஐந்து ராத்திரி பயணம் ஒரு பகலுக்குள் அடங்கிவிட்டது. 1944-ல் திருமலைக்கு மோட்டார் ரோடு வந்தது. இன்றைக்குச் சென்னையில் பஸ் ஏறினால் மூன்று நாலு மணி நேரம், வழியில் ஒரு ராத்திரிகூடத் தேவையில்லை. நடுவழித் தங்கல்கள் பெயர்ப்பலகைகளாக மாறின. நுனியில் இருந்த ஊர்கள் ஊதிப் பெருத்தன. திருப்பதியிலும் திருத்தணியிலும் தேவஸ்தான விடுதிகள், லாட்ஜுகள். சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் கட்டப்பட்டதும் இதே கதைதான். ரயில் பயணியை எங்கே இறக்கிவிட்டதோ அங்கே சத்திரமும் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தங்கல் இரண்டு வகை. ஒன்று வழித்தங்கல், அதாவது நாளைக்குக் கிளம்பணும், இன்றைக்குப் படுக்கணும். இன்னொன்று போய்ச்சேரும் தங்கல், அதாவது அந்த இடத்துக்காகவே வந்திருக்கிறோம். அரசா தனியாரா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கணும்.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவிலும் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஸ்டேட் பார்க்குகளில் பலவற்றில் ரோடு, கொட்டகை, முகாம் இடம் எல்லாம் போட்டது 1933 முதல் 1942 வரை நடந்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர். பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களுக்கு அரசு கொடுத்த வேலை. (நம் ஊர் பஞ்சகால ஏரி வேலை ஞாபகம் வருகிறதா?) காடு, ஏரி, மலை பார்க்க வருகிறவர்களுக்கான இடம், போய்ச்சேரும் தங்கல். அன்றைக்கு இந்தப் பெரிய வண்டிகள் கிடையாது. அதனால்தான் பல பார்க்குகளில் இன்றும் வண்டியின் நீளத்துக்கு வரம்பு உண்டு, எல்லா இடத்திலும் கரண்டும் கழிவுக் குழாயும் இருக்காது.

தனியார் பக்கம் புகழ்பெற்ற பெயர் கே.ஓ.ஏ. 1962-ல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போனவர்கள் வழியில் தங்க இடமில்லாமல் தவித்தார்கள். மான்டானா மாநிலம் பில்லிங்ஸ் ஊரில், ஆற்றங்கரையில் சொந்த நிலம் வைத்திருந்த டேவ் டிரம் என்ற வியாபாரி அங்கே முகாம் இடம் போட்டார். ராத்திரிக்கு ஒன்றேமுக்கால் டாலர். குளியலறை, ஒரு சின்னக் கடை. அதுதான் பிறகு நாடு முழுக்கப் பரவிய நிறுவனமானது. பெருவழியோரம், யாத்திரை போகிறவர்களுக்காக, சொந்த நிலத்தில். கனகம்மாசத்திரமேதான், சோறு மட்டும் இலவசமில்லை.

அரசு இடம் என்றால் நிரந்தரம் என்று நினைப்போம். 2011-ல் நான் கலிபோர்னியாவில் ஆன்சைட்டில் இருந்தேன். அந்த வருஷம் பட்ஜெட் பற்றாக்குறை என்று 278 ஸ்டேட் பார்க்குகளில் 70-ஐ மூடப்போவதாக அறிவித்தார்கள். நாங்கள் போக நினைத்திருந்த ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. உள்ளூர் ஆட்களும் தொண்டு அமைப்புகளும் பணம் திரட்டிப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷம் பார்த்தால், அந்தத் துறையின் கணக்கில் சுமார் 54 மில்லியன் டாலர் வெளியே சொல்லப்படாமல் கிடந்தது தெரியவந்தது. துறைத் தலைவர் ராஜினாமா செய்தார். 1817 ரெகுலேஷனை எழுதினவர்கள் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். கணக்கைப் பார்க்க வந்தவனின் கணக்கை யார் பார்ப்பது?

நம் பக்கத்திலும் இப்போது இது புது விஷயம் இல்லை. கேரளா 2021-ல் காரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அரசு கொள்கையும் சலுகையும் கொடுக்கும், வண்டியும் நிறுத்துமிடமும் பெரும்பாலும் தனியார். 1971-ல் தொடங்கிய நம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் விடுதிகளில் சிலவற்றைத் தனியாருக்கு உரிமம் விட்டு நடத்துகிறது. பெட்டிகள் மறுபடி கலங்குகின்றன. சத்திரக் காலம் போலவே.

தம்பிக்குச் சொன்னது

சாயங்காலம் போன் பண்ணினேன். முதலில் அவனிடம் கேட்டது: "சித்தப்பாவுக்கு ராத்திரி தூங்கும்போது மூச்சுக்கு மெஷின் வைக்கணும் இல்ல?"

"ஆமாண்ணா."

"அப்ப ராத்திரி பூரா கரண்ட் வேணும். ஜெனரேட்டரை நம்பாத. நிறைய பார்க்ல ராத்திரி ஜெனரேட்டர் ஓட்ட விடமாட்டாங்க. இதுதான் முதல் கேள்வி. மத்ததெல்லாம் அப்புறம்."

பிறகு நான் சொன்னது இவ்வளவுதான். ஓட்டிக்கொண்டே போகும் நாட்களில், பெருவழியை விட்டு அதிகம் விலகாத தனியார் இடம். ராத்திரி எட்டு மணிக்கு வந்தாலும் உள்ளே விடுவார்களா, தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் வண்டி நிற்கிற இடத்திலேயே உண்டா என்று கேட்டுக்கொள். நீச்சல்குளம், விளையாட்டுக் கூடம் எல்லாம் உனக்கு வேண்டாம், ஒரு ராத்திரிக்கு அதற்கு ஏன் காசு? போய்ச்சேருகிற இடத்தில் மூன்று ராத்திரி ஸ்டேட் பார்க். ஆனால் கரண்ட் இருக்கும் மனையாகப் பார்த்து எடு, வண்டி நீளம் உள்ளே நுழையுமா என்று பார், மாசக்கணக்கில் முன்னாலேயே நிரம்பிவிடும், இன்றைக்கே பதிவு செய். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைத் தனியாரால் கொடுக்க முடியாது. அவனுக்கு ஒவ்வொரு அடி நிலமும் வாடகை. சித்தி காலையில் எழுந்து காபி டம்ளரோடு நடக்கட்டும்.

"அப்ப ரெண்டும்னு சொல்றீங்க."

"ரெண்டும்தான். எதை எங்கேங்கிறதுதான் விஷயம்."

போனை வைத்த பிறகும் அந்தக் கூட்டுரோடு மனசை விட்டுப் போகவில்லை. காலையில் டீக்கடைக்கு எதிரே ஏழெட்டு லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே வண்டியை வீடாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். பொது, தனியார் என்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கு எதுவும் இல்லை. குளியலறைக்கு பங்க், படுக்கைக்கு ரோட்டோரம். வழித்தங்கல் செத்துப்போனது என்று மேலே எழுதினேனே, அது காரிலும் பஸ்ஸிலும் போகிற எனக்கும் உங்களுக்கும்தான். அவர்களுக்கு இன்றும் அது தேவை.

நடக்கிறவர்களுக்கும் தேவை. ஆடியில் காவடியோடு திருத்தணிக்கும், புரட்டாசியில் மஞ்சள் வேட்டியோடு திருப்பதிக்கும் இந்த ரோட்டில் நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காலுக்கு இன்னும் பத்து மைல்தான் கணக்கு. அந்த நாட்களில் ரோட்டோரம் திடீரென்று கீற்றுப் பந்தல் முளைக்கும். மோர், சாம்பார் சாதம், கால் வலித் தைலம், படுக்கப் பாய். அரசும் இல்லை, ரிசார்ட்டும் இல்லை. ஊர் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து செய்வது. "நீங்க யாரு?" என்று கேட்காமல் கையில் தட்டைக் கொடுப்பார்கள். ஒரு தடவை நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், பாதயாத்திரை போகாமலேயே.

பந்தலைப் பிரித்துவிட்டால் அடுத்த வருஷம் வரை அந்த இடம் வெறும் மண்தான். கனகம்மா பெயர் நிலைத்ததற்குக் காரணம் கட்டடமாகச் செய்தது. ஒரு நாள் அந்த லாரி டிரைவருக்கும் இந்த ரோட்டில் அப்படி ஒன்று நிலையாக நிற்கணும். தண்ணீர், கழிப்பறை, நிழல், படுக்க ஒரு திண்ணை. யார் கட்டினாலும் சரி. பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வைத்துவிட்டுக் கட்டட்டும்.